ஸ்காட்லாந்து பிரிந்தால் எல்லையூரான கிரெட்னாவில் லாரிகள் நிற்க வேண்டுமா?

ஸ்காட்லாந்து தனி நாடாகி ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தால் இங்கிலாந்துடனான எல்லையில் சுங்கச் சோதனை வந்தே தீருமா, அயர்லாந்துத் தீவின் நடுவே ஓடும் எல்லையைத் திறந்தே வைக்க வழி கண்டவர்களால் இதற்கும் ஒரு வழி காண முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்கள் தடையின்றிப் போய்வர ஏற்பாடு செய்ய முடியும். அதற்கு நூறாண்டு முன்மாதிரி இருக்கிறது. சரக்குகளைப் பொறுத்தவரை, ஸ்காட்லாந்து முழு உறுப்பினராகச் சேருமானால் ஏதோ ஓர் அளவில் சோதனை வரும். அந்த அளவு சிறிதா பெரிதா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவிடம் இருப்பதைவிட லண்டனிடம்தான் அதிகம் இருக்கும். பிரிந்து போகிறவர் எல்லையின் இடத்தை மாற்றலாம். ஆனால் அதன் கடுமை, இரு பக்கத்துச் சட்டங்களும் ஒன்றையொன்று விட்டு எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. விலகுவதும் நெருங்குவதும் ஒருவர் கையில் மட்டும் இல்லை.

இதைப் புரிந்துகொள்ள, எல்லை என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலைகள் அடங்கியிருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வருகிற ஆள் யார், அவருக்கு உள்ளே வரவும் தங்கவும் வேலை பார்க்கவும் உரிமை உண்டா என்று பார்ப்பது ஒரு வேலை. வருகிற சரக்குக்கு இறக்குமதித் தீர்வை உண்டா, மதிப்புக் கூட்டு வரியும் கலால் வரியும் எந்த அரசின் கருவூலத்துக்குச் சேர வேண்டும் என்று கணக்கிடுவது இரண்டாவது. அந்தச் சரக்கு இந்த நாட்டில் விற்கத் தகுதியுடையதா, இறைச்சியென்றால் நோயற்ற கால்நடையிலிருந்து வந்ததா, மருந்தென்றால் உரிய அனுமதி பெற்றதா என்று பார்ப்பது மூன்றாவது. நாடுகளுக்கிடையே உள்ள ஒவ்வொரு ஏற்பாடும் இம்மூன்றில் ஒன்றையோ இரண்டையோ நீக்குகிறது. மூன்றையும் ஒருசேர நீக்குவது மிக அரிது. ஐரோப்பிய நாடுகள் பலவும் சேர்ந்துள்ள ஷெங்கன் உடன்படிக்கை, முதலாவதில் எல்லையில் நடக்கும் ஆள் சோதனையை நீக்குகிறது. தமக்குள் தீர்வையின்றி, வெளியிலிருந்து வருவதற்கு ஒரே தீர்வை விதிக்கும் நாடுகளின் சுங்க ஒன்றியம் இரண்டாவதில் ஒரு பகுதியை நீக்குகிறது. பொருள்களுக்கு ஒரே விதிகளை வைத்திருக்கும் ஐரோப்பிய ஒற்றைச் சந்தை மூன்றாவதை நீக்குகிறது. நார்வே ஷெங்கனிலும் ஒற்றைச் சந்தையிலும் இருக்கிறது, சுங்க ஒன்றியத்தில் இல்லை. துருக்கி தொழிற்பொருள்களுக்கு மட்டும் 1995 முடிவிலிருந்து சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது, மற்ற இரண்டிலும் இல்லை. அயர்லாந்துக் குடியரசு ஒற்றைச் சந்தையிலும் சுங்க ஒன்றியத்திலும் இருந்துகொண்டே ஷெங்கனுக்கு வெளியே நின்று, பிரிட்டனுடன் தனியாக ஆள் போக்குவரத்து ஏற்பாடு வைத்திருக்கிறது. "எல்லை திறந்திருக்கும்" என்று ஒருவர் வாக்களிக்கும்போது இம்மூன்றில் எதைச் சொல்கிறார் என்று கேட்டுவிடுவது நல்லது. ஒன்றியத்தை விட்டு விலக பிரிட்டன் வாக்களித்த 2016 முதல் நடந்த விவாதங்களில் பாதி, ஒருவர் ஆட்களைப் பற்றியும் மற்றவர் ஆட்டிறைச்சியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்ததால் விளைந்தவை.

ஐக்கிய இராச்சியம் என்ற இதே ஒன்றியத்திலிருந்து ஒரு பகுதி பிரிந்துபோன அனுபவம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. 1922 டிசம்பரில் அயர்லாந்துச் சுதந்திர அரசு உருவானது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி அதற்கும் பிரிட்டனோடு தங்கிவிட்ட வட அயர்லாந்துக்கும் இடையே சுங்க எல்லை நடைமுறைக்கு வந்தது. அதை நிறுவியது லண்டன் இல்லை, டப்ளின்தான். அன்றைக்கு அதன் தீர்வை விகிதங்கள் பெரும்பாலும் பிரிட்டனிடமிருந்து பெற்றவையாகவே இருந்தன. விகிதம் ஒன்றாக இருக்கும்போது எல்லை எதற்கு என்று தோன்றலாம். வசூலாகும் பணம் இரண்டு தனிக் கருவூலங்களுக்குப் போக வேண்டும், நாளைக்கு விகிதத்தை மாற்றும் உரிமை தங்களுக்கு வேண்டும் என்ற இரண்டு காரணங்களே போதுமானவையாக இருந்தன. தீர்வைக்குரிய சரக்குகளை அங்கீகரிக்கப்பட்ட சில சாலைகள் வழியாக மட்டுமே கொண்டுபோகலாம் என்ற விதி வந்தது. மற்ற சாலைகள் அங்கீகாரமற்றவை ஆயின. குளோன்ஸ் ஊரிலிருந்து கேவன் மாவட்டம் நோக்கிப் போகும் சாலை இன்றும் பத்து கிலோமீட்டருக்குள் நான்கு முறை எல்லையைக் கடக்கிறது. நிர்வாக வசதிக்காக வகுத்த மாவட்ட எல்லைகளே நாட்டு எல்லையாக ஆகிவிட்டதன் விளைவு இது. அந்தப் பகுதியில் வெண்ணெயும் சர்க்கரையும் தேயிலையும் கடத்துவது பல பத்தாண்டுகளுக்கு ஒரு துணைத்தொழிலாகவே இருந்தது.

அதே ஆண்டில் தலைகீழான இன்னொன்றும் நடந்தது. ஆட்கள் விஷயத்தில் இரு அரசுகளும், ஒருவர் மற்றவரின் குடியேற்ற முடிவுகளை மதித்து நடப்பது என்று நிர்வாக அளவில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பொதுப் பயணப் பகுதி என்று இன்று சொல்லப்படுவதன் தொடக்கம் அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தையும் அதை ஒட்டிய சில ஆண்டுகளையும் தவிர்த்தால் அது இன்றுவரை நீடிக்கிறது. ஆகவே 1923இலேயே ஒரு விவசாயி கைவீசிக்கொண்டு எல்லையைக் கடக்கலாம், ஆனால் தன் மாட்டை ஓட்டிக்கொண்டு கடக்கும்போது அதிகாரியிடம் நிற்க வேண்டும் என்ற நிலை உருவாகிவிட்டது.

தீர்வை விகிதங்கள் ஒன்றாகவே நீடிக்கும் என்ற நம்பிக்கைக்கு 1932இல் முடிவு வந்தது. விவசாயிகள் நிலம் வாங்க பிரிட்டிஷ் ஆட்சி முன்பு தந்த கடனின் தவணைகளை லண்டனுக்கு அனுப்ப அயர்லாந்தின் டி வலேரா அரசு மறுக்க, பிரிட்டன் அயர்லாந்து வேளாண் பொருள்களுக்கு 20 சதவீதத் தீர்வை விதித்தது. டப்ளின் பதிலுக்கு விதித்தது. 1935இல் நிலக்கரிக்கு மாடு என்ற பரிமாற்ற உடன்பாட்டால் கொஞ்சம் தணிந்து, 1938இல் ஒரே தவணையாக ஒரு கோடி பவுண்ட் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார்கள். அந்தக் காலத்தில் அயர்லாந்தின் ஏற்றுமதியில் 90 சதவீதத்துக்கு மேல் பிரிட்டனுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது என்பதை நினைவில் வைத்தால் அந்த ஆறு ஆண்டுகள் அங்குள்ள மாட்டுப் பண்ணையாளர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். 1965இல் இரு நாடுகளும் தடையற்ற வணிக உடன்பாடு செய்துகொண்டன; 1973 ஜனவரி 1இல் இரண்டும் ஒரே நாளில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தன. அதோடு சாவடிகள் போய்விட்டன என்று பலர் நினைக்கிறார்கள். போகவில்லை. ஒரே சுங்க ஒன்றியத்துக்குள் வந்த பிறகும் இருபது ஆண்டுகள் அங்கே சுங்க அதிகாரிகள் இருந்தார்கள், ஏனென்றால் மறைமுக வரிகளும் தர விதிகளும் இன்னும் வெவ்வேறாக இருந்தன. ஒற்றைச் சந்தை நடைமுறைக்கு வந்த 1993 ஜனவரி 1இல்தான் சரக்குச் சோதனை முடிந்தது. ராணுவச் சாவடிகள் வேறு காரணத்துக்காக நிறுவப்பட்டவை; அவை வட அயர்லாந்து மோதலை முடித்த 1998ஆம் ஆண்டின் புனித வெள்ளி அமைதி உடன்பாட்டுக்குப் பிறகு படிப்படியாக அகற்றப்பட்டன.

இந்தக் கதையை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம், ஸ்காட்லாந்து விவாதத்தில் இரு தரப்பும் இதைத் தமக்கு வசதியான பாதியோடு நிறுத்திக்கொள்கின்றன என்பதுதான். பிரிவை எதிர்ப்பவர்கள் வணிகப் போரைச் சொல்வார்கள். ஆதரிப்பவர்கள் இன்றைய அயர்லாந்தின் செழிப்பைச் சொல்வார்கள். பிரிட்டனை மட்டுமே நம்பியிருந்த அதன் சரக்கு ஏற்றுமதி இன்று உலகெங்கும் பரவி, பெரும் பிரிட்டனின் (இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ்) பங்கு பத்தில் ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டது உண்மைதான். ஆனால் 1973இல்கூட அந்தப் பங்கு பாதிக்கு மேல் இருந்தது. பிரிந்து ஐம்பது ஆண்டுகள் கழித்தும் பாதிக்கு மேல். இன்று ஸ்காட்லாந்து தன் எல்லைக்கு வெளியே விற்பதில், எண்ணெயும் எரிவாயுவும் நீங்கலாக, ஏறத்தாழ 60 சதவீதம் ஐக்கிய இராச்சியத்தின் பிற பகுதிகளுக்குப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போவது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். வணிகத் தொடர்புகள் மாறும், ஆனால் ஒரு தேர்தல் காலத்துக்குள் மாறுவதில்லை.

முழு உறுப்பினர் என்ற வழியில் போனால் எல்லையில் என்ன நடக்கும் என்பதை இப்போது பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் 2020 டிசம்பர் 24இல் முடித்து, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய வணிக, ஒத்துழைப்பு உடன்படிக்கைதான் அப்போது ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான சட்டமாக இருக்கும். எடின்பரோ லண்டனோடு தனியாக வேறொரு வணிக உடன்பாடு செய்துகொள்ள முடியாது; அந்த அதிகாரம் ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸுக்கு உரியது. உடன்படிக்கைப்படி தீர்வையும் இல்லை, அளவு வரம்பும் இல்லை. உடன்பாடே இல்லாத நிலையில் காருக்கு 10 சதவீதமும் ஆட்டிறைச்சிக்கும் பால்பொருளுக்கும் அதைவிடப் பன்மடங்கும் தீர்வை கட்ட வேண்டியிருக்கும் என்பதால் இது சிறிய சலுகையில்லை. ஆனால் பூஜ்யத் தீர்வை என்பது தானாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு சரக்குக்கும் சுங்க அறிவிப்பு தாக்கல் செய்ய வேண்டும். அது பிரிட்டனில் அல்லது ஒன்றியத்தில் உருவான பொருள் என்று நிறுவ வேண்டும். உணவோ விலங்குப் பொருளோ என்றால் அரசு அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவர் கையொப்பமிட்ட சுகாதாரச் சான்றிதழ் வேண்டும்.

உருவான நாட்டை நிறுவும் விதி எவ்வளவு விசித்திரமாக வேலை செய்யும் என்பதற்கு 2021 ஜனவரியில் நடந்ததைச் சொல்லலாம். ஐரோப்பாவில் தயாரான பொருளை இங்கிலாந்தில் உள்ள கிடங்குக்குக் கொண்டுவந்து, எந்த மாற்றமும் செய்யாமல் அங்கிருந்து அயர்லாந்துக் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நிறுவனங்கள், அந்தப் பொருளுக்குப் பூஜ்யத் தீர்வை கிடைக்காது என்பதை அப்போதுதான் உணர்ந்தன. ஒன்றியத்தில் பிறந்து ஒன்றியத்துக்கே திரும்பும் பொருள், நடுவில் ஒரு கிடங்கில் தங்கியதால் தன் தகுதியை இழந்தது. ஸ்காட்லாந்தின் பெரிய கடைகளுக்கு வரும் சரக்கில் கணிசமானது இங்கிலாந்தின் மையக் கிடங்குகளிலிருந்து வருவது என்பதால், அங்கே இந்தச் சிக்கல் அயர்லாந்தைவிடப் பெரிதாக எழும்.

அதே மாதத்தில் பாதிக்கப்பட்ட இன்னொரு கூட்டம் ஸ்காட்லாந்தின் கடலுணவு ஏற்றுமதியாளர்கள். பத்துப் பதினைந்து சிறு வியாபாரிகளின் மீனையும் நண்டையும் ஒரே லாரியில் சேர்த்து அனுப்புவது அந்தத் தொழிலின் வழக்கம். எல்லை நடைமுறை வந்ததும் ஒவ்வொருவர் சரக்குக்கும் தனித்தனிக் காகிதம் தேவைப்பட்டது. ஒருவரின் காகிதத்தில் பிழை இருந்தால் லாரி முழுவதும் நின்றது. கடலுணவு லாரிகள் லண்டனில் நாடாளுமன்றம் உள்ள வெஸ்ட்மின்ஸ்டருக்கே போய் நின்று எதிர்ப்புத் தெரிவித்தன. எல்லைச் செலவு பெரிய நிறுவனத்துக்கு ஓர் எரிச்சல், சிறு வியாபாரிக்கு அது தொழிலையே விட்டுவிடும் காரணம். ஸ்காட்லாந்து ஒன்றியத்தில் சேர்ந்தால் இந்த மீனவர்கள் தப்பிப்பார்கள். அவர்களுடைய இடத்துக்கு, இங்கிலாந்துக்குப் பாலாடைக்கட்டியும் மாட்டிறைச்சியும் அனுப்புகிறவர்கள் வந்து சேர்வார்கள்.

நில அமைப்பு ஒரு விதத்தில் உதவுகிறது. அயர்லாந்து எல்லை சுமார் 500 கிலோமீட்டர் நீளமும் 200க்கும் மேற்பட்ட சாலைக் கடப்புகளும் கொண்டது. ஸ்காட்லாந்து–இங்கிலாந்து எல்லை சுமார் 154 கிலோமீட்டர். கடக்கும் சாலைகள் இருபதுக்குச் சற்று மேல். கனரகச் சரக்கில் பெரும்பகுதி மேற்கே கிரெட்னா அருகிலுள்ள நெடுஞ்சாலையிலும் கிழக்கே பெர்விக்குக்கு வடக்கே போகும் ஏ1 சாலையிலும், இரண்டு ரயில் பாதைகளிலும் ஓடுகிறது. ஆகவேதான் ஸ்காட்லாந்து அரசு 2022 அக்டோபரில் வெளியிட்ட பொருளாதார ஆவணம், இரண்டு முதன்மைச் சாலைகளில் சரக்குச் சோதனை இருக்கும் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. அதை நான் பாராட்டுகிறேன். பிரிவு குறித்த 2014 வாக்கெடுப்பில் இந்தக் கேள்வி இந்த அளவுக்கு எழவில்லை, ஏனென்றால் அப்போது இரு பக்கமும் ஒன்றியத்துக்குள் இருக்கும் என்று பலரும் கருதினார்கள். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய 2020 ஜனவரி 31, ஸ்காட்லாந்து தனி நாடாவதற்கான அரசியல் வாதத்தை வலுப்படுத்திய அளவுக்கு அதன் வணிக ஏற்பாட்டைச் சிக்கலாக்கியது.

நார்வே–சுவீடன் எல்லையை உதாரணம் காட்டுகிறவர்கள் உண்டு. 1,600 கிலோமீட்டருக்கு மேல் நீளமான அந்த எல்லையில் பெரும்பாலான சாலைகளில் யாரும் நிற்பதில்லை. கனரகச் சரக்கு ஸ்வினேசுண்ட் போன்ற சில இடங்களில் மட்டும் நிற்கிறது. 1959 முதல் உள்ள உடன்பாட்டின்படி ஒரு நாட்டின் சுங்க அதிகாரியே இரு நாடுகளின் வேலையையும் பார்த்துவிடுகிறார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சாவடி இருக்கிறது, அறிவிப்பு இருக்கிறது. அதுவும் நார்வே 1994 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேர்ந்து ஒற்றைச் சந்தைச் சட்டங்களைத் தன் சட்டமாக ஏற்றுக்கொண்ட பிறகும் மிஞ்சியிருக்கிற எல்லை அது. இந்த இரு நாடுகளும் 1814 முதல் 1905 வரை ஒரே மன்னரின் கீழ் ஒன்றியமாக இருந்தவை என்பதால் அவற்றின் பிரிவிலும் நமக்கு ஒரு செய்தி உண்டு. அவற்றுக்கிடையே தீர்வையற்ற வணிகத்துக்கு வழிசெய்த சட்டம், சுவீடன் அதை ரத்து செய்ததால், 1897லேயே முடிந்துவிட்டது. அரசியல் ஒன்றியம் அதன் பிறகும் எட்டு ஆண்டுகள் நீடித்தது. பிரிவின்போது கார்ல்ஸ்டாட் நகரில் நடந்த பேச்சுவார்த்தையில் எல்லைக் கோட்டைகள், சரக்குகள் இடையில் கடந்துபோகும் உரிமை, பொது நீர்நிலைகள், சாமி மக்களின் கலைமான் மேய்ச்சல் ஆகியவற்றைப் பேசித் தீர்த்தார்கள். அரசியல் பிரிவும் வணிகப் பிரிவும் ஒரே நாளில் நிகழ வேண்டியதில்லை. எது முதலில் வர வேண்டும் என்பதும் விதிக்கப்பட்டதில்லை.

அப்படியானால் ஸ்காட்லாந்து, ஒன்றியத்தின் உறுப்பினராகாமல் நார்வேயைப் போல் ஒற்றைச் சந்தையில் மட்டும் இருந்து, இங்கிலாந்தோடு சுங்க ஒன்றியம் வைத்துக்கொள்ளலாமே என்ற யோசனை எழும். ஏட்டளவில் முடியும். லீக்டன்ஸ்டைன் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது. 1924 முதல் அது சுவிட்சர்லாந்தோடு சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது. சுவிஸ் மக்கள் 1992 டிசம்பர் வாக்கெடுப்பில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியை நிராகரித்தார்கள். லீக்டன்ஸ்டைன் மக்கள் ஏற்றார்கள். சுவிட்சர்லாந்து தன் சுங்க ஒப்பந்தத்தைத் திருத்தி வழிவிட, 1995 மே முதல் அந்தச் சிறு நாட்டில் இரண்டு சட்டங்களுக்கும் உட்பட்ட பொருள்கள் அடுத்தடுத்த அலமாரியில் விற்கப்படுகின்றன. ஐரோப்பிய விதிக்கு மட்டும் பொருந்தும் பொருள் கமுக்கமாக சுவிட்சர்லாந்துக்குள் போய்விடாமல் கண்காணிக்க லீக்டன்ஸ்டைன் ஒரு முறையை வைத்திருக்கிறது. சுவிட்சர்லாந்துடனான எல்லையில் சாவடி இல்லை. இந்த ஏற்பாட்டை நான் மிகவும் ரசிக்கிறேன். ஆனால் 160 சதுர கிலோமீட்டரும் சுமார் 40,000 மக்களும் கொண்ட நாட்டில் கசிவு என்பது யாருக்கும் கவலையளிக்காத அளவு சிறியது. 50 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும், துறைமுகங்களும் இறைச்சிக் கூடங்களும் உள்ள ஸ்காட்லாந்துக்கு பிரஸ்ஸல்ஸும் லண்டனும் ஒரே நேரத்தில் அந்த நம்பிக்கையைத் தருமா என்பது சந்தேகம்தான்.

நார்வே வழிக்கு இன்னொரு விலையும் உண்டு. நார்வே ஒன்றியத்தின் பொது மீன்வளக் கொள்கையில் இல்லை என்பது ஸ்காட்லாந்து மீனவர்களுக்கு இனிக்கும். ஆனால் நார்வேயின் மீனுக்கு ஒன்றியம் தீர்வை விதிக்கிறது: பச்சை சால்மனுக்கு 2 சதவீதம், புகையிட்டுப் பதப்படுத்தியதற்கு 13 சதவீதம். பதப்படுத்தும் வேலையில் பெரும்பங்கு போலந்துக்கும் டென்மார்க்குக்கும் போனதில் இந்த வேறுபாட்டுக்கும் பங்கு உண்டு. சால்மன் வளர்ப்பைப் பெருந்தொழிலாகக் கொண்ட ஸ்காட்லாந்து இந்த இரண்டு எண்களையும் கவனமாகப் பார்க்க வேண்டும். துருக்கி பாணியில், இங்கிலாந்தோடு சுங்க ஒன்றியம் மட்டும் வைத்துக்கொள்வதோ இன்னும் பலவீனமான நிலை. பெரியவர் யாருடன் வணிக உடன்பாடு செய்துகொள்கிறாரோ அந்த நாட்டுச் சரக்குக்குச் சிறியவர் கதவைத் திறக்க வேண்டும், அந்த நாடு தன் கதவைச் சிறியவருக்குத் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அங்காரா இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதைப் பற்றி முறையிட்டுவருகிறது. பல்கேரிய எல்லையில் அதன் லாரிகள் இன்றும் வரிசையில் நிற்கின்றன.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். வட அயர்லாந்துக்குக் கண்ட வழி, எல்லையை ஒழிக்கவில்லை. நிலத்திலிருந்து எடுத்துக் கடலில் வைத்தது. சரக்குகளைப் பொறுத்தவரை வட அயர்லாந்து ஒற்றைச் சந்தை விதிகளுக்குள் இருக்கிறது. ஆகவே தெற்கே சோதனை தேவையில்லை. பெரும் பிரிட்டனிலிருந்து வரும் சரக்கு லார்ன், பெல்ஃபாஸ்ட், வாரன்பாயிண்ட் போன்ற சில துறைமுகங்களில் பார்க்கப்படுகிறது. நோய்த் தடுப்புக்காக உயிருள்ள கால்நடைகளை லார்னில் சோதிப்பது அதற்கு முன்பே இருந்த வழக்கம் என்பதால், இது அடியோடு புதிய யோசனையும் இல்லை. 2023 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட விண்ட்சர் கட்டமைப்பு, வட அயர்லாந்திலேயே தங்கப்போகும் சரக்குக்குப் பச்சைப் பாதை, தெற்கே போகக்கூடியதற்குச் சிவப்புப் பாதை என்று பிரித்து, காகித வேலையைக் குறைத்தது. அதற்குள், பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் அங்குள்ள ஒன்றியவாதக் கட்சி ஒன்றின் புறக்கணிப்பால் பெல்ஃபாஸ்ட் ஆட்சி 2022 பிப்ரவரி முதல் இரண்டு ஆண்டுகள் முடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் தன் சந்தையின் வாசலைக் காக்கும் பணியை வெளிநாட்டு அதிகாரிகளிடம் ஒப்படைக்கச் சம்மதித்ததே அமைதி உடன்பாட்டைக் காக்க வேண்டும் என்ற தனிக் காரணத்தால்தான். அதைப் பொது முன்மாதிரியாகக் கொள்ளக்கூடாது என்று பிரஸ்ஸல்ஸ் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. இதெல்லாம் ஒருபுறமிருக்க, ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே எல்லையைக் கொண்டுபோய் வைக்கக் கடல் இல்லை.

வேறொரு கடல் இருக்கிறது, அதுதான் இந்த விஷயத்திலேயே மிக வினோதமான பகுதி. பெரும் பிரிட்டனிலிருந்து வட அயர்லாந்துக்குப் போகும் சரக்கில் கணிசமான பங்கு, தென்மேற்கு ஸ்காட்லாந்தின் கேர்ன்ரயன் துறைமுகத்திலிருந்து கப்பலேறுகிறது. ஸ்காட்லாந்து ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டால், கேர்ன்ரயனும் லார்னும் சரக்கு விதிகளின்படி ஒரே பக்கத்தில் வந்துவிடும். அங்கே இன்று நடக்கும் சோதனைக்கு வேலை இருக்காது. ஆனால் இங்கிலாந்திலிருந்து பெல்ஃபாஸ்ட் போகும் லாரி, பிரிட்டனின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போவதற்கு, கிரெட்னாவில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைந்து ஏ75 சாலை வழியாக முத்திரையிட்ட இடைவழிச் சரக்காகப் போக வேண்டும், அல்லது லிவர்பூல் வழியாகச் சுற்ற வேண்டும். விண்ட்சர் கட்டமைப்பின் பச்சைப் பாதையையே கிரெட்னாவுக்கு நகர்த்த வேண்டிய நிலை அது. ஸ்காட்லாந்தின் பிரிவு இரு தரப்புப் பேச்சுவார்த்தையாக இருக்க முடியாது, டப்ளினும் பெல்ஃபாஸ்டும் பிரஸ்ஸல்ஸும் உட்கார வேண்டிய மேசை அது என்பதற்கு இந்த ஒரு சாலையே போதும்.

ஆட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். புதிதாகச் சேரும் நாடு ஷெங்கனில் இணைவதற்குக் கொள்கையளவில் ஒப்புக்கொள்ள வேண்டும். அயர்லாந்துக்கு விலக்கு கிடைத்தது, ஷெங்கனுக்கு முன்பே அது உறுப்பினராக இருந்ததாலும், பிரிட்டன் வெளியே நின்றதாலும். ஸ்காட்லாந்துக்கும் விலக்கு கேட்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே இரண்டு தீவுகளை உள்ளடக்கி இயங்கும் பொதுப் பயணப் பகுதியை உடைப்பதில் யாருக்கும் ஆதாயம் இல்லை என்பதால், டப்ளினின் ஆதரவோடு அது கிடைக்கும் என்றே கருதுகிறேன். சரக்கு லாரி நிற்கும் அதே சாலையில் காரும் பேருந்தும் நிற்காமல் போகலாம்.

இந்த எல்லையின் கடுமையை உண்மையில் மாற்றக்கூடியது 2025 மே 19 அன்று லண்டனில் பிரிட்டனும் ஒன்றியமும் கூடி ஒப்புக்கொண்ட ஒரு விஷயம்தான். உணவு, கால்நடை, தாவர விதிகளில் பிரிட்டன் ஒன்றியத்தின் சட்டங்களை அவை மாற மாறப் பின்பற்றும் உடன்பாடு ஒன்றை நோக்கிப் பேசுவது என்று அங்கே முடிவானது. அது முழுமையாக நடந்தால், கிரெட்னாவில் எதிர்பார்க்கப்படும் சோதனைகளிலேயே கடினமானது, கால்நடை மருத்துவர் லாரியின் கதவைத் திறந்து பார்க்கும் அந்தச் சோதனை, பெரும்பாலும் தேவையற்றதாகிவிடும். எஞ்சுவது சுங்க அறிவிப்பும் உருவான நாட்டுக் கணக்கும். அவற்றைப் பெரும்பகுதி கணினி வழியாகவும் எல்லைக்கு அப்பாலுள்ள கிடங்குகளிலும் முடித்துவிட முடியும். ஸ்காட்லாந்துத் தேசியவாதிகளின் கனவுக்கு மிகப் பெரிய உதவியைச் செய்யக்கூடியவர்கள், அந்தக் கனவை விரும்பாத லண்டன் அமைச்சர்கள்தான். அவர்களுக்குப் பின் வரும் வேறோர் அரசு அந்த விதிகளைக் கைவிட்டால் எல்லை மீண்டும் கடுமையாகும். எடின்பரோவால் அதைத் தடுக்க முடியாது.

கடைசியாக இடைக்காலம். 2022 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், வெஸ்ட்மின்ஸ்டரின் இசைவின்றி ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் வாக்கெடுப்புக்குச் சட்டம் இயற்ற முடியாது என்று தீர்ப்பளித்துவிட்டதால், இப்போதைக்கு எல்லாம் ஊகம். என்றாவது அது நடந்தால், பிரிவு நாளுக்கும் ஒன்றியத்தில் சேரும் நாளுக்கும் இடையே சில ஆண்டுகள் இருக்கும். உறுப்பு நாடுகள் அனைத்தும் ஒருமனதாக ஏற்க வேண்டும். ஒற்றைச் சந்தைச் சட்டங்களில் பெரும்பகுதியை 1994லேயே ஏற்றுக்கொண்டிருந்த பின்லாந்துக்குக்கூட 1992 மார்ச் விண்ணப்பத்திலிருந்து 1995 ஜனவரி வரை ஆனது. செக்கும் சுலோவாக்கியாவும் பிரிந்தபோது, பிரிவு நாளான 1993 ஜனவரி 1 அன்றே சுங்க ஒன்றிய ஒப்பந்தமும் நடைமுறைக்கு வரும்படி முந்தைய அக்டோபரிலேயே கையொப்பமிட்டிருந்தார்கள். 2004இல் இரண்டும் ஒன்றியத்தில் சேரும்வரை அது நின்றது. அவர்களின் பொது நாணயமோ 39 நாள்களில் முறிந்தது. அதேபோல் ஸ்காட்லாந்தும் இடைக்காலம் முழுவதும் பிரிட்டனின் சுங்க எல்லைக்குள்ளேயே இருந்துகொண்டு, சேரும் நாளில் ஒரே இரவில் மாறலாம். அந்த ஒப்பந்தத்தில் லண்டன் கையொப்பமிட வேண்டும். அதற்கு ஈடாக அது என்ன கேட்கும் என்பதில்தான், கடனைப் பங்கிடுவதிலிருந்து கிளைட் ஆற்றங்கரையில் உள்ள அணு நீர்மூழ்கித் தளம் வரை, வணிகத்துக்குத் தொடர்பே இல்லாத எல்லாம் உள்ளே வரும்.